சுழல்வட்டத்தின் எல்லை

நங்கூரம் பாய்ச்சி நிற்கும் படகு கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றினாலும், கடலடியில் ஊன்றிய நங்கூரத்தை மையமாகவும், கயிறு கிடையாக எட்டும் தொலைவோடு படகின் நீளத்தையும் கூட்டிய அளவை ஆரமாகவும் கொண்ட ஒரு வட்டத்துக்குள், காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற திசைக்கெல்லாம் அது இரவும் பகலும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த வட்டத்தை இந்நூல் சுழல்வட்டம் என்று குறிக்கிறது. ஒரே படகு நிற்கும் விரிந்த நீர்ப்பரப்பில் அதன் அளவைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை; ஆனால் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் போன்ற துறைகளில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே கரையோரத்தில் அடுத்தடுத்து நிற்கும்போது, ஒருவருடைய வட்டம் மற்றவருடைய வட்டத்தை எவ்வளவு தூரம் வெட்டலாம், வெட்டினால் விலக வேண்டியவர் யார், விலகாமல் இருக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கான விடையின் ஒரு பாதி வடிவக்கணிதத்திலும் விசையியலிலும் இருக்கிறது. மற்றொரு பாதி படகுக்காரர்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் வழக்கங்களில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் படிப்பதால்தான் இந்தப் பொருள் பலருக்கும் பிடிபடாமல் போகிறது.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலிருந்து மூக்கையூர்க் கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இடைப்பட்ட நிலம் கரிசலும் செவலும் கண்மாய்களுமாக, வானம் பார்த்துக் கிடக்கும் நிலம். ஆனாலும் திருச்சுழியையும் கமுதியையும் தொட்டுச் செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் உயிர்பெற்று, மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கடலைப் பார்க்காமலே வளர்ந்த இந்த வட்டாரத்து வாசகருக்கும் சுழல்வட்டத்தின் அடிப்படை புதிதாக இருக்காது. அறுவடை முடிந்த புஞ்சையில் முளையடித்துக் கட்டிய ஆடு, கயிறு எட்டும் தொலைவுவரை வட்டமாக மேய்கிறது; இரண்டு ஆடுகளைக் கட்டுபவர், இரண்டு கயிறுகளின் நீளத்தையும் கூட்டினால் வரும் தொலைவுக்கு மேல் முளைகளைத் தள்ளி அடித்தால்தான் கயிறுகள் பின்னிக்கொள்ளா என்பதை அறிந்திருக்கிறார். படகுகளுக்கும் முதல் விதி இதுதான். ஆயினும் ஆடு தன் விருப்பப்படி திரிவது. படகோ காற்றின் விருப்பப்படி திரிவது, அதிலும் அண்டையில் நிற்கும் எல்லாப் படகுகளும் பெரும்பாலும் ஒரே காற்றுக்கு ஆட்பட்டவை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே படகுத்துறையின் கணக்கு முழுவதும் கிளைக்கிறது.

முதலில் தனிப்படகின் வட்டத்தைக் கணக்கிடலாம். 15 மீட்டர் நீளமுள்ள ஒரு விசைப்படகு 3 மீட்டர் ஆழத்தில் நிற்பதாகவும், கயிறு கட்டப்படும் அணியம், அதாவது படகின் முன்முனை, நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொண்டால், நங்கூரத்திலிருந்து அணியம் வரையுள்ள செங்குத்து உயரம் 4 மீட்டர் ஆகிறது. விடப்படும் கயிற்றின் நீளத்தை இந்த உயரத்தால் வகுத்துக் கிடைப்பதுதான் கயிற்று விகிதம். இராத் தங்கலுக்குக் கயிறு மட்டும் பயன்படுத்தினால் விகிதம் ஏழாவது இருக்க வேண்டும், கனமான சங்கிலியானால் ஐந்து போதும், புயல் எதிர்பார்க்கப்படும்போது பத்துவரை விட வேண்டும் என்பது உலகெங்கும் கடலோடிகள் கைக்கொள்ளும் அளவு. ஏழு என்ற விகிதத்தில் 28 மீட்டர் கயிறு விட்டால், கயிறு கிடையாக எட்டும் தொலைவு ஏறத்தாழ 27.7 மீட்டர், அதனுடன் படகின் நீளத்தைக் கூட்டினால் சுழல்வட்டத்தின் ஆரம் 42.7 மீட்டர். இரண்டு படகுகளின் வட்டங்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது என்றால், நங்கூரங்களுக்கு இடையே 85 மீட்டருக்கும் மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் இந்தப் பக்க அளவுள்ள சதுரம் ஒன்றை ஒதுக்கினால், 500 விசைப்படகுகளுக்கு மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு தேவைப்படும். அத்தனை பரந்த, ஆழம் சரியான, அலை மறைவுள்ள இடம் இராமேசுவரம் தீவின் எந்தப் பக்கத்திலும் கரையை ஒட்டிக் கிடைப்பதில்லை. ஆகவே நடைமுறையில் வட்டங்கள் வெட்டிக்கொண்டே தீரும்.

வட்டத்தைச் சுருக்கக் கயிற்றைக் குறைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். துறைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பதால், கயிறு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்பது தகும். நங்கூரத்தின் எடை படகைப் பிடித்து நிறுத்துவதில் சிறு பங்கே வகிக்கிறது. அதன் கொக்கியோ தகடோ சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடையாக இழுபடும்போது மண் கொடுக்கும் எதிர்ப்புதான் உண்மையான பிடிமானம். இழுவை மேல்நோக்கித் திரும்பத் திரும்ப, புதைந்த கொக்கி நெம்பி எடுக்கப்படுகிறது. நங்கூரத்தைத் தூக்கும்போது படகை அதன் நேர்மேலே கொண்டுவந்து இழுப்பதும் இதனால்தான். நீருக்குள் எடை குறைந்து ஏறத்தாழ நேர்கோடாக விறைத்து நிற்கும் கயிறு, விகிதம் மூன்றாக இருக்கும்போது கடலடியோடு 19 பாகைக்கு மேல் கோணம் ஏற்படுத்துகிறது. ஐந்தில் அது 11.5 பாகையாகவும், ஏழில் 8 பாகையை ஒட்டியும், பத்தில் 6 பாகைக்குக் கீழும் இறங்குகிறது. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் கிடைக்கும் ஆதாயம் பெரிது. ஏழுக்கு மேல் போகப் போக ஆதாயம் சுருங்குகிறது, இடம் மட்டும் கூடுதலாகச் செலவாகிறது.

சங்கிலியின் கதை வேறு. இரண்டு முனைகளில் தொங்கும் சங்கிலி தன் எடையால் வளைந்து ஏற்கும் வடிவத்தைக் கலிலியோ பரவளையத்தை ஒத்தது என்று கருதினார். 1690-இல் யாக்கோபு பெர்னூலி இதன் சரியான வடிவத்தைக் கண்டறியுமாறு கணிதர்களுக்கு அறைகூவல் விட, 1691-இல் லைப்னிட்சும், ஐகென்சும், யாக்கோபின் தம்பி யோகான் பெர்னூலியும் தனித்தனியே விடை கண்டனர். சங்கிலியம் என்று கணிதத்தில் அழைக்கப்படும் அந்த வளைவின் சிறப்பு, மெல்லிய காற்றில் அதன் கீழ்ப்பகுதி கடலடியிலேயே படுத்துக் கிடப்பதால் நங்கூரத்தின் மேல் விழும் இழுவை கிடையாகவே இருக்கும் என்பது. காற்று வலுக்கும்போது வளைவு நிமிர்ந்து, நிமிர்வதற்கு வேண்டிய வேலையிலேயே அலையின் உதறலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. விலையும் எடையும் கருதி நம் கரையில் பெரும்பாலான படகுகள் கயிற்றையே நம்பியிருக்கின்றன. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலியைச் சேர்த்தால்கூட, கயிறு கடலடியில் உரசித் தேய்வது குறைவதோடு இழுவையின் கோணமும் தாழ்கிறது.

இனி, வெட்டிக்கொள்ளும் வட்டங்களுக்குத் திரும்பலாம். இரண்டு படகுகளின் நங்கூரங்கள் 40 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்றும், காற்று முதல் படகிலிருந்து இரண்டாவது படகை நோக்கி வீசுகிறது என்றும் கொள்ளலாம். இரண்டும் 15 மீட்டர் படகுகள். இரண்டும் 28 மீட்டர் கயிறு விட்டிருக்கின்றன. காற்று இரண்டையும் ஒரே திசையில் ஒரே தொலைவு தள்ளுவதால், முதல் படகின் அமரத்துக்கும், அதாவது பின்முனைக்கும், இரண்டாவதன் அணியத்துக்கும் இடையே 25 மீட்டர் நீர் கிடக்கிறது. காற்று எத்திசைக்குத் திரும்பினாலும் இரண்டும் சேர்ந்தே திரும்புவதால், வட்டங்கள் பெருமளவு வெட்டிக்கொண்ட நிலையிலும் படகுகள் மோதுவதில்லை. இப்போது இரண்டாவது படகு மட்டும் 12 மீட்டர் கயிற்றோடு நிற்பதாகக் கொண்டால், இடைவெளி 9 மீட்டருக்கும் குறைகிறது. மாலையில் காற்று ஏறுவதைக் கண்ட முதல் படகுக்காரர் முறைப்படி தன் கயிற்றை 40 மீட்டராக நீட்டினால், அவருடைய அமரம் இரண்டாவது படகின் அணியத்தைத் தாண்டி மூன்றரை மீட்டர் உள்ளே போய்விடுகிறது. அதே நேரத்தில் இரண்டாமவரும் 28 மீட்டர் விட்டிருந்தால் 13 மீட்டர் இடைவெளி மீந்திருக்கும்.

இந்தக் கணக்கின் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மோதலை உண்டாக்கியது நங்கூரங்களுக்கு இடையிலிருந்த 40 மீட்டர் தொலைவு அல்ல. இரண்டு கயிறுகளுக்கும் இருந்த வேறுபாடு. பாதுகாப்பாகக் கயிற்றை நீட்டியவர்தான் போய் இடித்தவராகவும் ஆனார். படகுத்துறையில் பாதுகாப்பான இடைவெளி இத்தனை மீட்டர் என்று தனியாக ஓர் எண் இருக்க முடியாது. அண்டைப் படகுகளின் நடத்தை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு மாறுபடுகிறதோ அவ்வளவு விலக வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து. புதிதாக வந்து நங்கூரம் பாய்ச்சுபவர் பக்கத்துப் படகில் இருப்பவரிடம் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறார் என்று குரல் கொடுத்துக் கேட்பது, இந்தக் கண்ணோட்டத்தில், மரியாதைக்குரிய விசாரிப்பு என்பதற்கு மேலாக ஓர் அளவீட்டின் தகுதி பெறுகிறது.

கயிறு ஒத்திருந்தாலும் படகுகள் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. காற்று வலுவாக இருக்கும்போது எல்லாப் படகுகளும் அணியத்தைக் காற்றுக்குக் காட்டி ஒரே வரிசையில் நிற்கும். காற்று தணியும்போதுதான் ஒழுங்கு குலைகிறது. உயர்ந்த சுக்கான் அறை இருந்தாலும், கனத்த உடலும் நீருக்குள் ஆழமாக அமிழ்ந்த அடிப்பகுதியும் கொண்ட விசைப்படகு நீரோட்டத்துக்குக் கட்டுப்படுகிறது. இலேசான கண்ணாடியிழை நாட்டுப்படகும், தட்டையான அடியுள்ள வத்தையும் எஞ்சியிருக்கும் சிறு காற்றுக்கே திரும்பிவிடுகின்றன. அமைதியான விடியற்காலையில் பக்கத்துப் பக்கத்துப் படகுகள் எதிரெதிர்த் திசையில் முகம் காட்டி நிற்பதும், ஒன்றின் அமரம் மற்றதன் பக்கவாட்டை மெல்ல வந்து தொடுவதும் இதனால்தான். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் பருவத்துக்கேற்பத் திசை மாறி, வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து மன்னார் வளைகுடாவுக்கும், தென்மேற்குப் பருவத்தில் எதிர்த்திசையிலும் வேகமாக ஓடுகிறது. குண்டாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி நிற்கும் சிறுபடகு ஒன்றை எடுத்துக்கொண்டால், திருச்சுழி வட்டாரத்தில் பெய்த மழை வெள்ளமாகக் கடலுக்கு இறங்கும் ஓரிரு நாட்களில், காற்று ஒரு பக்கம் தள்ள ஆற்று நீர் வேறு பக்கம் தள்ள, நீளமான கயிறு படகின் அடியிலேயே மடிந்து சுற்றிக்கொள்ளும் நிலை உண்டாகலாம். பலவகைப் படகுகள் கலந்து நிற்கும் இடத்தைவிட, நாட்டுப்படகுகள் ஒரு பக்கமும் விசைப்படகுகள் வேறொரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் துறை குறைந்த பரப்பில் கூடுதல் படகுகளைத் தாங்கும் என்பதற்கு விசையியல் காரணம் இதுவே.

இராமநாதபுரம் கடற்கரைக்கே உரிய ஒரு வாய்ப்பு, இராமேசுவரம் தீவுக்கும் மண்டபம் முனைக்கும் வடக்கிலும் தெற்கிலும் கடல் இருப்பது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணையை நோக்கிய வடகரை கொந்தளிக்கையில் தென்கரை மறைவாகிறது. தென்மேற்குப் பருவத்தில் நிலைமை தலைகீழாகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் படகுகள் மறைவான பக்கத்துக்கு, குந்துகால் போன்ற இடங்களுக்கு, இடம் மாறுவதும் உண்டு. அறிவார்ந்த ஏற்பாடுதான், ஆனால் இரண்டு கரைகளில் பரவி நின்றவை ஒரே கரையில் ஒடுங்கும்போது, ஒவ்வொரு படகும் கயிற்றை நீட்ட வேண்டிய வேளையும் நீட்ட இடமில்லாத வேளையும் ஒன்றாகவே வந்துசேர்கின்றன.

கடலின் இந்த நெருக்கடியோடு அரசு விதிகளும் சேர்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. அந்நாட்களில் கடலில் இருக்க வேண்டிய படகுகள் எல்லாம் துறையில் கிடக்கின்றன. மற்ற மாதங்களிலும் இம்மாவட்டத்தின் பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் நான்கு நாட்களும் கடலுக்குச் செல்லும் முறை இருந்துவருகிறது. மீன்வளத் துறையிடம் டோக்கன் பெற்று விசைப்படகுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. திரும்புவதும் பெரும்பாலும் கூட்டமாகவே நிகழ்கிறது. இப்படி ஒரே பொழுதில் காலியாகி ஒரே பொழுதில் நிறையும் துறையில், நடுவே ஒரு பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்தப் பாதையின் அகலத்தை, அதில் திரும்ப வேண்டிய மிகப் பெரிய படகின் நீளத்தைக் கொண்டே தீர்மானிக்க முடியும். அதில் ஒரே ஒரு படகு நங்கூரம் பாய்ச்சினாலும் அது தன் வட்டத்தின் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, துறை முழுவதன் பயனையே குறைத்துவிடுகிறது.

இட உரிமையைப் பற்றிய வழக்கம் எளிமையானது: முதலில் வந்து நின்றவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர் அவருடைய வட்டத்தை மதித்து இடம் தேட வேண்டும். இதை வெறும் நல்லெண்ணமாகக் கருதக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் படகால் உடனே நகர முடியாது. எஞ்சினை இயக்கி, கயிற்றை இழுத்து, நங்கூரத்தை விடுவிக்கப் பல நிமிடங்கள் ஆகும். வந்துகொண்டிருப்பவரிடம் எஞ்சின் ஓடுகிறது, சுக்கான் கையில் இருக்கிறது. விலகக்கூடியவரே விலக வேண்டும் என்ற இதே அறிவைத்தான், நகரும் கப்பல் நின்றிருக்கும் கப்பலின் மேல் மோதினால் பிழை நகர்ந்ததனுடையது என்றே முதலில் கொள்ளப்படும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895-இல் 'ஒரேகன்' என்ற கப்பல் தொடர்பான தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. இந்த முன்னுரிமைக்கு ஒரு விலையும் உண்டு: நிற்பவர் தாம் நிற்பதைத் தெரியப்படுத்த வேண்டும். 1972-இல் ஏற்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நங்கூரமிட்ட கலம் பகலில் ஒரு கறுப்பு உருண்டையையும் இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கையும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்த சிறுபடகுகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் கப்பல் வழியிலோ, மற்றக் கலங்கள் வழக்கமாக நங்கூரமிடும் இடத்திலோ, அவற்றின் அருகிலோ நிற்கும்போது அந்த விலக்கு செல்லாது. மீன் ஏற்றிக்கொண்டு இருட்டில் திரும்பும் கூட்டத்துக்கு நடுவே விளக்கில்லாமல் கிடக்கும் சிறுபடகு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எண்ணினால், விதியை எழுதியவர்கள் இந்த வரியை எவ்வளவு கவனத்தோடு சேர்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இடம் பிடிக்கும் முறையிலும் நுட்பம் இருக்கிறது. வருபவர் காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, அலை எழும்பாத வேகத்தில், எதிர்க்காற்றில் ஏறி வர வேண்டும். நங்கூரம் தரை தொட்ட பின் படகைப் பின்னோக்கி நகரவிட்டுக் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டு, இறுதியில் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கிக் கொக்கி பதிந்ததை உறுதிசெய்ய வேண்டும். பதிந்ததாக நினைத்த நங்கூரம் மெல்ல இழுபடுவதை அறிவதற்கு, கரையில் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துவைத்து, அந்த நேர்கோடு குலைகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது போதும். குமரிக் கடற்கரை மீனவர்கள் கணியம் என்ற பெயரில் கையாளும், மீன் பாறைகளை மீண்டும் கண்டுபிடிக்க உதவும் முறையும் இதே வடிவக்கணிதத்தின் மேல் நிற்பதுதான்.

முன்பு கண்ட 40 மீட்டர் கணக்கில் இன்னும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. முதல் படகு தன் நங்கூரத்திலிருந்து 27.7 மீட்டர் முதல் 42.7 மீட்டர் வரை நீண்டு கிடக்கையில், இரண்டாவது படகின் நங்கூரம் 40-ஆவது மீட்டரில், அதாவது முதல் படகின் அமரத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. இரண்டாமவர் நங்கூரத்தைத் தூக்க வேண்டுமானால் முதலாமவர் சற்று நகர்ந்து கொடுக்க வேண்டும். படகில் ஆளே இல்லை என்றால் அது நடக்காது. துறையில் நிற்கும் படகில் இரவுக் காவலுக்கு ஒருவர் தங்குவது திருட்டைத் தடுப்பதற்கு மட்டும் அல்ல என்பதை இது காட்டுகிறது. அடியில் கிடக்கும் அந்தக் கொக்கி, பாக் நீரிணை போன்ற ஆழங்குறைந்த கடலில் வேறொரு விதத்திலும் கெடுதல் செய்யும். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கடல் உள்வாங்கியதால் நாட்டுப்படகுகள் தரைதட்டின என்ற செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கும் இக்கடலில், தொடர்ந்து ஒரே திசையில் வீசும் காற்று நீரை எதிர்க்கரைக்குத் தள்ளிக் குவிப்பதும் அதனுடன் சேர்கிறது. நீர் எவ்வளவு ஆழம் குறைந்ததோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளல் பெரிதாகிறது. அப்போது தரையில் அமரும் படகின் அடிப்பலகைக்குக் கீழே அண்டைப் படகின் நான்கு கொக்கி நங்கூரம் நிமிர்ந்து கிடந்தால், படகின் எடை முழுவதும் அந்த முனையில் இறங்குகிறது. நீர் மீண்டும் ஏறும்போது ஓட்டை விழுந்த படகு மிதப்பதில்லை. ஆகவே ஆழங்குறைந்த துறையில் மேலே தெரியும் இடைவெளியோடு அடியில் தெரியாத இடைவெளியையும் காக்க வேண்டியிருக்கிறது. நங்கூரத்தின் மேல் ஒரு சிறு மிதவையைக் கட்டிவிட்டால் அதன் இடம் எல்லோருக்கும் தெரியும்.

புயல் எல்லாக் கணக்குகளையும் வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில், 10 சதுர மீட்டர் முகப்புள்ள படகின் மேல் ஏறத்தாழ 60 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது என்றால், மணிக்கு 108 கிலோமீட்டரில் அது மும்மடங்கு ஆகாமல் ஒன்பது மடங்காகி 550 கிலோவை எட்டுகிறது. அலையின் உதறல் இதற்கு மேல். 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலும் இக்கரையோரம் மறக்காத அளவுகோல்கள். கஜாவில் டெல்டாக் கரையின் படகுகள் பெருமளவில் நொறுங்கின. நெருங்கி நிற்கும் துறையில் அழிவு தொடர்வினையாகப் பரவுகிறது. மேல்காற்றில் நிற்கும் ஒரு படகின் கயிறு அணியத்தின் விளிம்பில் உரசி அறுகிறது. அது கீழ்க்காற்றில் இருக்கும் படகின் கயிற்றில் போய்ச் சிக்குகிறது. அந்த இரண்டாவது நங்கூரம் இப்போது இரண்டு படகுகளின் இழுவையைத் தாங்க வேண்டும், தாங்காமல் அதுவும் பெயர்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து மூன்றாவதன் மேல் விழுகின்றன. கயிறு உரசும் இடத்தில் பழைய குழாயையோ தடித்த துணியையோ சுற்றிவைக்கும் ஐந்து நிமிட வேலை, ஒரு வரிசைப் படகுகளின் உயிரைக் காக்கலாம். தன் கயிற்றின் தேய்மானத்தை ஒருவர் கவனிக்காமல் விடுவது தன் படகோடு முடியும் காரியம் அல்ல என்பதால், அதைச் சுட்டிக்காட்டும் உரிமை கீழ்க்காற்றில் நிற்கும் அனைவருக்கும் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

கயிற்றின் பொருளும் ஒத்திருக்க வேண்டியவற்றில் ஒன்று. நைலான் நீரில் அமிழ்கிறது, இழுபட்டால் நன்றாக நீண்டு கொடுத்து உதறலைத் தணிக்கிறது. விலை குறைந்த பாலிபுரோப்பிலீன் நீரைவிட அடர்த்தி குறைந்தது; காற்றில்லாத வேளையில் தொய்ந்து மேலே மிதந்து, அவ்வழியே போகும் படகின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது. மிதக்கும் கயிறுதான் வேண்டும் என்றால் அதன் நடுவே ஓர் ஈயக் குண்டையோ கல்லையோ கட்டி அமிழ்த்துவது அண்டையாருக்குச் செய்யும் கடமை.

இடமின்மைக்கு மற்றொரு தீர்வாகப் பல துறைமுகங்களில் படகுகளை விலாவோடு விலா சேர்த்து, நடுவே பழைய டயர்களைத் தொங்கவிட்டு, ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். அலை மறைவுள்ள துறைமுகத்துக்குள் இது சுழல்வட்டச் சிக்கலையே இல்லாமல் ஆக்குகிறது. படகுகள் ஒன்றுக்கொன்று அசையாதபோது மோதவும் வழியில்லை. ஆனால் திறந்த கடலோரத்தில், பத்துப் படகுகளின் இழுவை ஓரிரு நங்கூரங்களின் மேல் விழும். தீ என்ற ஆபத்தும் இருக்கிறது. 2023 நவம்பர் 19 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பற்றிய தீ, டீசலும் சமையல் எரிவாயு உருளைகளும் இருந்த அண்டைப் படகுகளுக்குத் தாவி, ஏறத்தாழ நாற்பது படகுகளைச் சேதப்படுத்தியது. மோதலைத் தவிர்க்கப் போதுமான இடைவெளி தீயைத் தவிர்க்கப் போதாது என்பதைத் துறைமுகங்களை வடிவமைப்பவர்கள் அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது நிலைக்கட்டு. ஒவ்வொரு படகும் தன் நங்கூரத்தைத் தானே பாய்ச்சுவதற்கு மாறாக, கனமான கட்டைகளை நிரந்தரமாகக் கடலடியில் இறக்கி, அவற்றிலிருந்து எழும் சங்கிலியின் மேல்முனையில் மிதவையைக் கட்டி, படகு அந்த மிதவையில் வந்து கட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. கட்டையின் எடையே பிடிமானமாக இருப்பதால் நீளமான கயிறு தேவைப்படுவதில்லை. முன்சொன்ன அதே 4 மீட்டர் உயரத்துக்கு 10 மீட்டர் கயிறு போதும் என்றால், சுழல்வட்டத்தின் ஆரம் 24 மீட்டராகச் சுருங்குகிறது. வட்டங்கள் வெட்டிக்கொள்ளாமலே 500 படகுகள் ஏறத்தாழ 1.2 சதுர கிலோமீட்டரில் நின்றுவிடும், முன்பு தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாக் கயிறுகளும் ஒரே நீளமாக இருப்பதால் ஒத்த நடத்தை என்ற நிபந்தனையும் தானே நிறைவேறுகிறது. கடலடிக்கும் இது நல்லது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்தும், பாக் நீரிணையிலும் பரந்திருக்கும் கடற்புல் வெளிகளில், ஒவ்வொரு முறை நங்கூரம் பாயும்போதும் பெயரும்போதும் புல் வேரோடு பிடுங்கப்படுகிறது. இழுபடும் சங்கிலி தன் வட்டத்துக்குள் இருக்கும் புல்லை மழித்துவிடுகிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் நீரிணையின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. சங்கிலியின் நடுவே ஒரு சிறு மிதவையைக் கட்டி அதைத் தரையிலிருந்து தூக்கிவைத்தால், நிலைக்கட்டு புல்லை உரசாமலேயே வேலை செய்யும்.

ஆனால் கட்டையின் அளவை ஆர்க்கிமிடீசின் விதியோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். 100 கிலோ கான்கிரீட் கடல்நீரில் 57 கிலோவாகிறது. அதனால் கரையில் பெரிதாகத் தெரியும் கட்டை நீருக்குள் ஏமாற்றிவிடும். மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றில் முன்சொன்ன படகின் மேல் விழும் 550 கிலோ விசையையும், குட்டையான கயிறு கட்டையை மேல்நோக்கித் தூக்கும் பங்கையும் சேர்த்து, தரையின் உராய்வுக் கெழுவை 0.5 என்று வைத்தால், அலையைக் கணக்கில் எடுக்காமலே கரையில் இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள கான்கிரீட் தேவை. சேற்றில் புதைந்து உறிஞ்சிக்கொள்ளும் கட்டைக்குப் பிடிமானம் கூடும். கடினமான பாறைத் தரையில் அந்தக் கூடுதல் கிடைக்காது. கட்டை இறங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. படகு சுற்றச் சுற்றச் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் சுழல் இணைப்பும், தரையைத் தொடும் இடத்தில் தேயும் கண்ணிகளும், உப்புநீரில் துருப்பிடிக்கும் பிணைப்புகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முக்குளித்துப் பார்க்கப்பட வேண்டும். 61 நாள் தடைக்காலம் அதற்குப் பொருத்தமற்றது, ஏனெனில் அப்போதுதான் எல்லாப் படகுகளும் மிதவைகளில் கட்டியிருக்கும். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் ஆனி, ஆடி மாதங்களில், மறைவான வடகரையில் நீர் அமைதியாக இருக்கும் நாட்களைத் தேர்ந்து, ஐப்பசிக்கு முன் அந்த ஆய்வை முடித்துவிட வேண்டியிருக்கும்.